ஓவர்கிளாக் செய்த பிராசசரில் வோல்டேஜ் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, பயாஸில் 1.30 என்று எழுதினால் பிராசசருக்கு 1.30 வோல்ட் போய்ச் சேரும் என்று நம்புவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. நீங்கள் எழுதுவது ஓர் எண். பிராசசர் கேட்பது இன்னொன்று. மதர்போர்டின் விஆர்எம் (பிராசசருக்கு வேண்டிய வோல்டேஜை ஆக்கிக் கொடுக்கும் சுற்று) கொடுப்பது மூன்றாவது. சிலிக்கானில் கடைசியாக மிஞ்சுவது நான்காவது. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால், இந்த நான்கில் எது தப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இங்கே உள்ளவை இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைக் 'கே' ரக பிராசசர்களுக்கும், ஏஎம்டியின் ரைசன் 5000, 7000 வரிசைகளுக்கும் பொருந்தும்.

கை வைப்பதற்கு முன்

மெமரியை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை அணைத்துவிடுங்கள். மெமரியும் ஓவர்கிளாக், பிராசசரும் ஓவர்கிளாக் என்றால், புளூ ஸ்கிரீன் யாரால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டிடிஆர்5 என்றால் 4800இல் ஓடட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளை சென்சார் மட்டும் காட்டும் முறையில் திறங்கள். அதில் விஐடி என்று ஒரு வரிசை இருக்கும். அது பிராசசர் விஆர்எம்மிடம் கேட்கும் வோல்டேஜ். கிடைத்த வோல்டேஜ் அல்ல. மதர்போர்டுப் பகுதியில் விகோர் என்று இருப்பதுதான் அளந்த எண். அதையும் முழுதாக நம்ப வேண்டாம். சில போர்டுகள் சாக்கெட்டுக்கு அருகே அளக்கின்றன. சில சிலிக்கானிலிருந்தே அளவுக் கம்பி எடுக்கின்றன. சாக்கெட் அருகே அளக்கும் போர்டு, முழு லோடில் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆகவே, 'எனக்கு 1.25இல் ஓடுகிறது' என்று வேறு போர்டுக்காரர் சொல்வதை உங்கள் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ரைசன் 5000இல் 'எஸ்விஐ2 டிஎஃப்என்' என்ற வரிசையையும், 7000இல் 'எஸ்விஐ3 டிஎஃப்என்' என்ற வரிசையையும் பாருங்கள். ரைசனில் அமைப்புக்குள் போய் 'ஸ்னாப்ஷாட் சிபியு போலிங்' என்பதை இயக்கினால், அளக்கும் மென்பொருளே கோர்களை எழுப்பிவிடும் தொல்லை குறையும்.

சும்மா இருக்கும்போதும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் ஓடும்போதும் விகோர், வாட், வெப்பம், கிளாக் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.

அறிகுறி: திரையே வரவில்லை, அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

டிடிஆர்5 போர்டு என்றால் முதலில் பொறுமை. மெமரி அமைப்பை மாற்றியபின் முதல் முறை எழும்போது, குறிப்பாக ரைசன் 7000க்கான ஏஎம்5 போர்டுகளில், திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். நடுவில் பவரை அணைத்தால் மெமரியைச் சரிபார்க்கும் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதற்கும் மேல் ஆனால் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் நினைவகத்தை, கிளியர் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, கேபிளைக் கழற்றி, கேபினட்டின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். சிமாஸ் கிளியர் ஜம்பரின் இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி தொடுங்கள். ஜம்பர் எட்டவில்லையா, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். மீண்டதும் முன்பு கேட்ட கிளாக்கைவிட 200 மெகாஹெர்ட்ஸ் குறைவாகத் தொடங்குங்கள். இன்டெல்லில் ரிங் ரேஷியோவையும் (கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகம்) கூடவே ஏற்றியிருந்தால் அதை ஆட்டோவுக்குத் திருப்புங்கள். கோரும் ரிங்கும் ஒரே வோல்டேஜில் ஓடுவதால், ரிங் தாங்காமல் விழுவது கோர் விழுவதைப் போலவே தெரியும்.

அறிகுறி: விண்டோஸ் வருகிறது, சோதனை தொடங்கிய உடனே விழுகிறது

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணமும் எளிது: லோடில் வோல்டேஜ் இறங்குகிறது.

இந்த இறக்கம் பழுதல்ல, வேண்டுமென்றே வடிவமைத்தது. விஆர்எம்முக்கும் கோருக்கும் நடுவே ஒரு சிறிய தடை இருப்பதுபோல நடந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அதன் பெயர் லோட்லைன். இன்டெல் 13900கே போன்றவற்றுக்கு இன்டெல் வரம்பு 1.1 மில்லிஓம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 180 ஆம்பியர் ஓடினால் 180ஐ 1.1ஆல் பெருக்க 198 மில்லிவோல்ட். பயாஸில் 1.32 போட்டவருக்கு முழு லோடில் கிடைப்பது ஏறத்தாழ 1.12. அதே போர்டில் லோட்லைனைப் பாதியாக, 0.55 மில்லிஓமாக, இறக்கினால் கிடைப்பது 1.22. பயாஸில் போட்ட வோல்டேஜை மாற்றாமலேயே 100 மில்லிவோல்ட் வித்தியாசம்.

இந்த லோட்லைனைத் திருத்தும் அமைப்புதான் லோட்லைன் காலிபிரேஷன், சுருக்கமாக எல்எல்சி. இதில் ஒரு பொறி இருக்கிறது. அசூஸ் போர்டுகளில் எண் கூடக் கூட இறக்கம் குறையும். லெவல் 8 மிகக் கடினம். எம்எஸ்ஐயிலும் ஏஎஸ்ராக்கிலும் நேர்மாறு. அங்கே 1தான் மிகக் கடினம். கிகாபைட் எண்ணே போடாமல் லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்திருக்கிறது. அசூஸுக்கு எழுதிய 'லெவல் 3' என்ற குறிப்பை அப்படியே ஏஎஸ்ராக்கில் போட்டவர் கேட்டதிலிருந்து வேறானதைத்தான் பெறுவார். பெயரை விடுங்கள், பயாஸில் பக்கத்தில் காட்டும் சிறு வரைபடத்தைப் பாருங்கள், அல்லது அளந்து பாருங்கள்.

இறக்கமே கூடாது என்று மிகக் கடினமான நிலையைப் போடுவது தவறு. லோட் திடீரென விலகும்போது விஆர்எம் அந்தக் கணத்தில் நிறுத்திவிட முடியாது. வோல்டேஜ் மேலே துள்ளி, பிறகு கீழே போய், அலைந்து அடங்கும். லோட்லைன் தட்டையாக இருந்தால், போட்ட எண்ணுக்கும் மேலே அந்தத் துள்ளல் போகும். லோட் ஏறும் கணத்தில் பள்ளமும் ஆழமாகும். இவை மைக்ரோவிநாடிக் கணக்கில் நடப்பவை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எதுவும் தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். மென்பொருளில் கோடு நேராகத் தெரிந்தும், சோதனை தொடங்கும் நொடியில் அல்லது முடியும் நொடியில் மட்டும் விழுந்தால், எல்எல்சியை ஒரு படி தளர்த்தி, போட்ட வோல்டேஜை 20 மில்லிவோல்ட் ஏற்றிப் பாருங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். எல்எல்சி நடுத்தரம். ரேஷியோ (கிளாக்கைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) மாறாமல் இருக்கட்டும். சினிபெஞ்ச் பத்து நிமிடம். விழுந்தால் 10 மில்லிவோல்ட் ஏற்றுங்கள். அது தாங்கியபின்தான் பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி அல்லது ஒய்-கிரஞ்சர் போன்ற கடினமான சோதனை. இவற்றில் வரும் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் ஆம்பியரை வாரி இழுப்பதால், அதே அமைப்பில் இன்னும் பத்து இருபது மில்லிவோல்ட் தேவைப்படலாம். புளூ ஸ்கிரீனில் வரும் பெயரும் கொஞ்சம் உதவும். 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்', அதாவது ஸ்டாப் கோட் 101, பெரும்பாலும் ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றதால் வருவது. கோர் வோல்டேஜ் போதவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 124, அதாவது 'வீயா அன்கரெக்டபிள் எரர்', கோராலும் வரும், கேஷாலும் வரும்.

வோல்டேஜை ஏற்ற ஏற்றச் சீக்கிரமாக விழுகிறதா? ஏற்றுவதை நிறுத்துங்கள். அது வெப்பத்தின் வேலை. மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 1.20லிருந்து 1.30க்குப் போனால் 17 சதவீதம் கூடுதல். 200 வாட் 235 ஆகும். சூடானால் கசிவு மின்னோட்டம் கூடுவதால் நிஜத்தில் இன்னும் மேலே போகும். சூடான சிலிக்கான் அதே கிளாக்குக்கு அதிக வோல்டேஜ் கேட்கும். இது ஒரு சுழல். 95 டிகிரியில் விழும் அமைப்பு, கூலரைச் சரிசெய்து 80க்கு இறக்கியதும் அதே வோல்டேஜில் நிற்பது சாதாரணம். டிசம்பர் இரவில் சோதித்து முடித்த அமைப்பு சித்திரை மதியத்தில் விழுவதற்கும் இதுதான் காரணம். அறை 12 டிகிரி ஏறினால் கோரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும்.

அறிகுறி: எதுவும் விழவில்லை, ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் குறைந்துவிட்டது

ரைசனில் வோல்டேஜைக் குறைத்தபின் இப்படி ஆனால், கிளாக் 4.8 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' வரிசையைப் பாருங்கள். முழு லோடில் இரண்டுக்கும் நடுவே 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி இருந்தால், பிராசசர் வோல்டேஜ் போதாமல் கிளாக்கை நீட்டிக்கொண்டு உயிர் தப்புகிறது என்று பொருள். 10 மில்லிவோல்டாகத் திருப்பிக் கொடுங்கள். மதிப்பெண் ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள்.

இன்டெல்லில் இதையே செய்வது ஐஏ சிஇபி என்ற பாதுகாப்பு. ஏசி லோட்லைனை (லோடில் வரும் இறக்கத்தை எதிர்பார்த்துப் பிராசசர் எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்ற அமைப்பு) குறைத்து வோல்டேஜைக் குறைக்கும்போது, பிராசசர் எதிர்பார்த்ததைவிட வோல்டேஜ் தாழ்ந்ததைக் கண்டு வேகத்தைக் கட்டிப்போடும். இசட் வரிசை போர்டுகளின் பயாஸில் பொதுவாக இதை அணைக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால் வாட் வரம்பு (பிஎல்1, பிஎல்2), இன்டெல்லின் 100 டிகிரி வெப்ப வரம்பு, விஆர்எம் சூடு ஆகியவற்றில் ஒன்று. ஹெச்டபிள்யூஇன்ஃபோவே எது தடுத்தது என்று 'யெஸ்' போட்டுக் காட்டும். 'விஆர் மாஸ்' 100 டிகிரியைத் தாண்டினால் வோல்டேஜில் தேட வேண்டாம், விஆர்எம் ஹீட்சிங்க் மேல் காற்று படும்படி ஒரு விசிறியைத் திருப்புங்கள். வாட்டர் கூலர் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். சாக்கெட்டைச் சுற்றி முன்பு வீசிய காற்று இப்போது இல்லை.

அறிகுறி: கடினமான சோதனை எல்லாம் தாண்டுகிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது

இரவெல்லாம் பிரைம்95 ஓடியது, காலையில் பிரவுசரைத் திறந்ததும் ரீஸ்டார்ட். இதைப் பார்த்து ரேமை மாற்றியவர்கள், விண்டோஸை மூன்று முறை போட்டவர்கள் எல்லாம் உண்டு.

எல்லாக் கோரும் ஓடும்போது கிளாக் தாழ்வாக இருக்கும். ஒரே கோர் எழும்போதுதான் கிளாக் உச்சிக்குப் போகும். அங்கேதான் வோல்டேஜ் மிக அதிகம் தேவை. ரைசனின் கர்வ் ஆப்டிமைசரில் (கோர்வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) எல்லாக் கோருக்கும் ஒரே மாதிரி மைனஸ் 30 போட்டவர்களுக்கு விழுவது இந்த உச்சியில். ஒரு எண்ணிக்கை ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்றால் 90 முதல் 150 வரை பிடுங்கியிருக்கிறோம். தொழிற்சாலையே சிறந்தது என்று குறித்த கோர்களுக்கு ஏற்கெனவே வோல்டேஜ் இறுக்கமாகத்தான் கொடுத்திருப்பார்கள். அவற்றுக்கு மைனஸ் 10கூடத் தாங்காமல் போகும், மற்றவை மைனஸ் 30இல் சிரித்துக்கொண்டு ஓடும்.

எந்தக் கோர் என்று கண்டுபிடிக்க, ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து 'வீயா லாகர்' என்ற மூலத்தை வடிகட்டுங்கள். நிகழ்வு எண் 18 வந்திருந்தால் அதனுள்ளே விழுந்த கோரைக் காட்டும் ஏபிஐசி ஐடி என்ற எண் இருக்கும். எஸ்எம்டி (ஒரு கோர் இரண்டாகச் செயல்படும் வசதி) இயங்கும் 8 கோர் ரைசனில் அதை 2ஆல் வகுத்தால் பூஜ்யத்திலிருந்து எண்ணும் கோர் எண்; ஏபிஐசி ஐடி 6 அல்லது 7 என்றால் கோர் 3. அதற்கு மட்டும் 5 எண்ணிக்கை திருப்பிக் கொடுங்கள். பிறகு கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். அது கோர்களை ஒவ்வொன்றாக உச்சக் கிளாக்கில் வைத்துச் சோதிக்கும். எண் 19 என்பது திருத்திக்கொண்ட பிழை. கணினி விழாது, ஆனால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம்.

இன்டெல்லில் இதற்கு இணை, ஆஃப்செட் முறையில் (இயல்பான வோல்டேஜோடு ஓர் எண்ணைக் கூட்டுவது அல்லது கழிப்பது) மைனஸ் போட்டது. எந்தக் கிளாக்குக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற வளைவு முழுவதையும் அது கீழே இறக்கும். 800 மெகாஹெர்ட்ஸில் கொடுக்கும் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும். போர்டு இடம் கொடுத்தால் விஎஃப் புள்ளி முறையில் மேல் புள்ளிகளை மட்டும் இறக்குங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் வைத்த ரைசன் ஆள்கள் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றிப் பார்க்கலாம். பிராசசர் ஆழ்ந்து உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் சில எஸ்எம்பிஎஸ்களுக்கு மிகக் குறைவாகிவிடும்.

அறிகுறி: போட்டதைவிட அதிக வோல்டேஜ் காட்டுகிறது

ரைசன் 5000இல் ஆட்டோவில் சும்மா இருக்கும்போது 1.4க்கு மேல் துள்ளுவது இயல்பு. ஒரு கோர், மிகக் குறைந்த ஆம்பியர். அதைப் பார்த்துவிட்டு, 'அதுவே 1.45 எடுக்கிறதே' என்று எல்லாக் கோருக்கும் நிலையாக 1.45 போடுவது பிராசசரைக் கொல்லும் வழி. வோல்டேஜ் தனியாகக் கெடுப்பதில்லை; வோல்டேஜும் ஆம்பியரும் சூடும் சேர்ந்து கெடுக்கும்.

இன்டெல்லில், கிளாக்குக்கு ஏற்ப வோல்டேஜ் மாறும் அடாப்டிவ் முறையில் ஓர் எண் போட்டும் அதைவிட மேலேயே நிற்கிறதா? அந்த ரேஷியோவுக்குப் பிராசசரிலேயே பதிந்த வோல்டேஜைவிடத் தாழ்ந்த எண்ணை அடாப்டிவ் ஏற்காது. ஆஃப்செட் சேர்க்க வேண்டும், அல்லது ஏசி லோட்லைனைக் குறைக்க வேண்டும். ஏசி லோட்லைன் 1.1இல் இருந்து எல்எல்சியும் கடினமாக இருந்தால், 'இறங்கும்' என்று எதிர்பார்த்து முன்கூட்டியே ஏற்றிக் கேட்பதும், இறங்காமல் பார்த்துக்கொள்வதும் சேர்ந்து வோல்டேஜை உச்சிக்குத் தள்ளும். ஆட்டோவில் விட்ட போர்டுகள் பல இப்படித்தான். கூடவே டிசி லோட்லைன் என்று ஒன்று இருக்கிறது. அது வோல்டேஜை மாற்றாது. விஐடியும் வாட்டும் சரியாகக் காட்டப்படுவது அதைப் பொறுத்தது. அது தப்பாக இருந்தால் 250 வாட் 210 என்று தெரியும், நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் வேறெதையும் தொடுமுன் பயாஸைப் புதுப்பியுங்கள். உயர்ந்த வோல்டேஜும் வெப்பமும் கோரின் உள்ளே இருக்கும் கிளாக் சுற்றைத் தேய்த்து, தேவைப்படும் குறைந்தபட்ச வோல்டேஜையே உயர்த்திவிடுகிறது என்று 2024இல் இன்டெல் அறிவித்தது. அந்த ஆகஸ்டில் வந்த 129 என்று முடியும் மைக்ரோகோட் (பயாஸ் வழியாகப் பிராசசருக்குப் போகும் திருத்தம்), 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. செப்டம்பரில் 12பி வந்தது. அவை இனித் தேய்வதைத் தடுக்கும்; தேய்ந்ததைத் திருப்பித் தராது.

அறிகுறி: விழவில்லை, யூஎஸ்பி துண்டிக்கிறது, மெம்டெஸ்டில் பிழை

விகோரைத் தொடாதீர்கள். இது மெமரி கன்ட்ரோலர் பக்கத்து வோல்டேஜ்: ரைசனில் எஸ்ஓசி, இன்டெல்லில் சிஸ்டம் ஏஜென்ட். ஏஎம்4இல் (ரைசன் 5000) எஸ்ஓசி 1.0 முதல் 1.1 வரை பெரும்பாலும் போதும், 1.2ஐத் தாண்ட வேண்டாம். ஏஎம்5இல் உச்சவரம்பு 1.30. 2023இல் 7800எக்ஸ்3டி சில சாக்கெட்டோடு கருகியபின்தான் ஏஎம்டி இந்த வரம்பைப் பயாஸில் பூட்டியது. எக்ஸ்போவை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசியை அதற்கும் மேலே கொண்டுபோயிருந்தன. பழைய பயாஸ் வைத்திருப்பவர் எக்ஸ்போவைத் தொடுமுன் அதை மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி: புளூ ஸ்கிரீன் இல்லை, விளக்கை அணைத்ததுபோல மொத்தமும் நிற்கிறது

எஸ்எம்பிஎஸ்ஸோ விஆர்எம்மோ தன்னைக் காத்துக்கொண்டது. பிராசசரின் 8 ஊசி இணைப்பியைக் கழற்றிக் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். 250 வாட் பிராசசர் என்றால் விஆர்எம் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் கம்பிகளில் ஏறத்தாழ 23 ஆம்பியர். நான்கு ஊசிகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஊசி சரியாகத் தொடவில்லை என்றால் சுமை மற்ற மூன்றில் ஏறும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்தக் கேபிளைப் போடாதீர்கள். மோலெக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் இருந்தால் அதுதான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

12 வோல்டை மென்பொருளில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த சென்சார்கள் 10.9 என்றெல்லாம் பொய் சொல்லும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்டில் வைத்து, இணைப்பியின் பின்பக்கத்தில் கம்பி நுழையும் இடத்தில் முனைகளைச் செருகுங்கள்: கருப்பு முனை தரைக்கம்பியில், சிவப்பு முனை 12 வோல்ட் கம்பியில் (பழைய கேபிள்களில் மஞ்சள்). இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஏற்கத்தக்க எல்லை 11.4 முதல் 12.6. எல்லைக்குள் இருந்தாலும், சும்மா இருப்பதற்கும் முழு லோடுக்கும் 0.3 வோல்டுக்கு மேல் சரிவு இருந்தால் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே உள்ள கெபாசிட்டர் அடிக்கும்.

வீட்டில் லோ வோல்டேஜ், அதனால் ஓவர்கிளாக் நிற்கவில்லை என்பது பொதுவாகத் தவறு. 100 முதல் 240 வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 190 வோல்ட் ஒரு பொருட்டல்ல. யூபிஎஸ் மாறும் நொடியில் மட்டும் அணைகிறது என்றால் அது வேறு கதை. யூபிஎஸ்ஸின் வாட் அளவைப் பாருங்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் நின்றது, இப்போது நிற்கவில்லை

தூசியைத் தட்டி, வெப்பத்தைப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். அதே வாட்டில் 10 டிகிரி கூடுதல் என்றால் கூலர் அல்லது பேஸ்ட். பயாஸைப் புதுப்பித்திருந்தால் எல்எல்சியும் ஏசி லோட்லைனும் பழைய எண்ணிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயர் புதிய பயாஸில் வேறு மில்லிஓமாக மாறியிருக்கலாம். லோடில் விகோர் பழைய தாளில் இருப்பதுதானா என்பதே கேள்வி.

வெப்பமும் அதே, விகோரும் அதே, இருந்தும் 20 அல்லது 30 மில்லிவோல்ட் கூடுதலாகக் கேட்கிறது என்றால் பிராசசர் தேய்ந்துவிட்டது. வோல்டேஜை ஏற்றி ஓட்டினால் இன்னும் வேகமாகத் தேயும். ரேஷியோவை ஒன்று குறைப்பதே வழி. எல்லாவற்றையும் ஆட்டோவுக்குத் திருப்பி, மெமரியையும் 4800இல் விட்டு ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால், அல்லது 13, 14ஆம் தலைமுறையில் கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பிழை போதுமான கிராபிக்ஸ் மெமரி இருந்தும் வந்தால், வாரன்ட்டிக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு தலைமுறைப் பெட்டியில் விற்ற பிராசசர்களுக்கு இன்டெல் இரண்டு ஆண்டு கூட்டியிருக்கிறது. பெட்டியின் மேலுள்ள எண்ணையும் பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆட்டோ அமைப்பில் விழுந்ததன் ஈவென்ட் வியூவர் பதிவைச் சேமித்து அனுப்புங்கள். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆட்டோவிலேயே விழுகிறது என்பதற்கு அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.